எம்.ஆர்.ராதா: நாடகத்தை நிறுத்த சட்டமே கொண்டு வந்தாங்க... அதுக்கும் அடங்காத நடிகவேளின் கதை

எம்.ஆர்.ராதா என்றதும் இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயம். ஒன்று, ரத்தக்கண்ணீர். இன்னொன்று, எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கு. மீம்ஸ் பார்க்கும் தலைமுறைக்கு மூணாவதா அந்தக் குரலும் தெரியும். கரகரவென்று அடித்தொண்டையில் ஆரம்பிச்சு, திடீரென்று கீச்சுக் குரலுக்குத் தாவி, மறுபடியும் கீழே இறங்கும் அந்த விநோதமான குரல்.

ஆனா இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கு. ராதா சினிமாவுக்கு வந்து பெயர் வாங்கிய நடிகர் இல்லை. நாடக மேடையில் அரசாங்கத்தையே தூங்கவிடாமல் செய்துவிட்டு, அப்புறம் போனால் போகிறது என்று சினிமாவுக்கு வந்தவர். அவருடைய நாடகங்களுக்குக் கடிவாளம் போட 1954ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே வந்தது. அந்தச் சட்டம் 2013 வரைக்கும் உயிரோடு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

மீன் துண்டில் ஆரம்பிச்ச பயணம்

ராதாகிருஷ்ணன் என்பதுதான் முழுப்பெயர். எம்.ஆர். என்ற முதலெழுத்துகளில் வரும் எம், மெட்ராஸ். ஆர், அப்பா பெயரான ராஜகோபால். 1907 ஏப்ரல் 14ம் தேதி சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர், முதல் உலகப் போரில் இறந்துபோனார். அதன் பிறகு அம்மாவோட வளர்ப்பு. வீட்டில் வசதி கிடையாது. பையனுக்குப் பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை.

சின்ன வயசில் ஒருநாள் சாப்பாட்டில் தனக்கு மீன் துண்டு குறைவாக வைத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சண்டை. கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். எழும்பூர் ரயில் நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்த பையனை, அங்கே வந்த ஒரு நாடகக் கம்பெனிக்காரர் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்பது அவர் பெயர். இதை ராதாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு துண்டு மீன் கூடுதலாக விழுந்திருந்தால் தமிழ் நாடக வரலாறே வேற மாதிரி போயிருக்கும் போல.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி எப்படி இருக்கும் என்பதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் ராதாவைப் புரிஞ்சுக்க முடியும். ஏழை வீட்டுப் பையன்கள்தான் அங்கே நடிகர்கள். சாப்பாடு, துணி, தங்குமிடம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பதிலுக்குப் பாட்டு, வசனம், நடனம் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணும், தப்பு பண்ணினால் வாத்தியார் கையால் அடி விழும். பெண் வேஷமும் பையன்களே போடணும். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, மாசக்கணக்கில் ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ்.கிருஷ்ணன் என்று தமிழ் சினிமாவின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்கள் பாதிப் பேர் இந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள்தான்.

ராதா பிறகு ஜெகந்நாத ஐயர் கம்பெனியிலும் இருந்தார். அங்கே நடிப்பை மட்டும் அவர் கத்துக்கவில்லை. மின்சார வேலை, மோட்டார் மெக்கானிக் வேலை எல்லாம் அவருக்கு அத்துப்படி. மேடைக்கு லைட் போடுவதில் இருந்து கார் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது வரை எல்லாத்தையும் அவரே செய்வார். பதிபக்தி நாடகத்தில் மேடையிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினார் என்று சொல்வார்கள். புராண நாடகம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

முதுகைக் காட்டி நடிச்ச ஆள்

1937ல் ராஜசேகரன் படம் மூலம் சினிமாவுக்குள் நுழைந்தார். தொடர்ந்து சில படங்கள். எதுவும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. சினிமா வேண்டாம் என்று மறுபடியும் நாடகத்துக்கே திரும்பிவிட்டார். மத்தவங்க எல்லாம் நாடகத்தை ஏணியாக வெச்சு சினிமாவுக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார்.

இழந்த காதல் நாடகம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதில் ஜெகதீஷ் என்ற வேஷம். ஒரு காட்சியில் ராதா பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடிப்பார். நடிகன் என்றால் முகத்தை ஜனங்களுக்குக் காட்டி, கையை நீட்டி, உரக்கப் பாடணும் என்று இருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். முகமே தெரியாமல், குரலையும் தோளையும் மட்டும் வெச்சு ஒரு கொட்டகையையே கட்டிப்போட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு.

இந்த நாடகம் சம்பந்தமாக இன்னொரு கதையும் உண்டு. இழந்த காதலை என்.எஸ்.கிருஷ்ணன் சினிமாவாக எடுத்தபோது, தனக்குப் பேர் வாங்கித் தந்த வேஷம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று ராதாவுக்கு ஆத்திரம். ஆத்திரம் என்றால் சாதாரண ஆத்திரம் இல்லை. துப்பாக்கியைத் தேடும் அளவுக்குப் போனதாகவும், விஷயம் தெரிந்த கலைவாணரே நேரில் வந்து பேசிச் சமாதானப்படுத்தியதாகவும் ராதாவைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1967ல் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இந்தக் கதையைப் படிச்சா கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

பெரியார் பக்கம் வந்த கதை

ராதா பெரிய படிப்பாளி இல்லை. எழுதப் படிக்கவே தடுமாறியவர். ஆனா காதால் கேட்டதை அப்படியே பிடிச்சுக்கொள்ளும் மூளை. 1940களில் பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகள் அவரை இழுத்தன. அதுக்கப்புறம் அவர் போட்ட நாடகங்களின் முகமே மாறிப்போனது. விதவைகளின் நிலையைப் பேசிய விமலா, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கதையை வைத்து வந்த லட்சுமிகாந்தன், போர்வாள் என்று வரிசையாக மேடையேறின. மு.கருணாநிதி எழுதிய தூக்குமேடையையும் ராதா நடத்தினார். கருணாநிதிக்குக் கலைஞர் என்ற பட்டத்தை முதலில் கொடுத்ததே ராதாதான். ராதாவுக்கு நடிகவேள் பட்டம் தந்தவர் பட்டுக்கோட்டை அழகிரி.

கழகம் நூறு மாநாடு போட்டுச் சொல்வதை ராதா ஒரே நாடகத்தில் சொல்லிவிடுகிறார் என்கிற பொருளில் அண்ணா பாராட்டியது அந்த வட்டாரத்தில் பிரபலம். கலைஞர்களைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் நல்ல வார்த்தை சொல்லாத பெரியாரும் ராதா விஷயத்தில் விதிவிலக்கு. சென்னை பெரியார் திடலில் கட்டிய அரங்கத்துக்கு ராதா உயிரோடு இருக்கும்போதே ராதா மன்றம் என்று பெயர் வைத்தார்.

ராதாவின் நாடகத்தில் ஒரு தனி ருசி இருந்தது. எழுதிய வசனம் ஒரு பக்கம் போகும், அவர் பாட்டுக்கு வேறு ஒன்றைப் பேசிக்கொண்டு போவார். காலையில் பேப்பரில் வந்த செய்தி ராத்திரி மேடையில் கிண்டலாக வந்துவிடும். உள்ளூர் பெரிய மனுஷன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் ஒரு குத்து உண்டு. அதனால் ஒரே நாடகத்தைப் பத்து தடவை பார்த்தாலும் பத்து நாடகம் பார்த்த மாதிரி இருக்கும். போலீஸ்காரங்களுக்குத்தான் தலைவலி. எழுதிக் கொடுத்த பிரதியில் இல்லாததையெல்லாம் இவர் பேசினால் அவங்க எதைப் பார்த்துத் தடை போடுவாங்க?

ராமாயணமும் 1954 சட்டமும்

பிரச்சினை உச்சத்துக்குப் போனது ராமாயண நாடகத்தில்தான். வால்மீகி எழுதியதைத்தான் நான் நடத்துகிறேன் என்பது ராதாவின் வாதம். பக்தர்கள் கண்ணோட்டத்தில் அது ராமனை இழிவுபடுத்தும் நாடகம். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. மனசு புண்படும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள், மீறி வந்தால் நான் பொறுப்பில்லை என்கிற மாதிரி அவரே விளம்பரம் செய்தார். இது எச்சரிக்கையா, அழைப்பா என்பது படித்தவர்களின் மனசைப் பொறுத்தது. கூட்டம் என்னவோ அலைமோதியது.

சில ஊர்களில் கல்வீச்சு. சில ஊர்களில் தடை உத்தரவு. ஒரு பெயரில் தடை போட்டால் இன்னொரு பெயரில் நாடகம் வரும். கும்பகோணத்தில் நாடகம் நடத்தப் போனபோது கைதும் ஆனார்.

ஆங்கிலேயர் காலத்தில் 1876ல் வந்த நாடகச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. வங்காளத்தில் வெள்ளைக்காரர்களைக் கிண்டல் செய்த நாடகங்களை அடக்க வந்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவில், 1954ல், சென்னை மாகாணம் தனக்கென்று புதிதாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஆட்சேபகரமான நாடகம் என்று அரசு கருதினால் தடை செய்யலாம், நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்கலாம், மீறினால் தண்டனை. சட்டத்தில் எந்த நடிகரின் பெயரும் இல்லைதான். ஆனா யாரை மனசில் வெச்சு இது வருகிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எதிர்க்கட்சியினர் அவையில் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ராதாவின் ராமாயணத்தை ரசித்தவர்கள் உண்டு, மனதார வருத்தப்பட்டவர்களும் உண்டு. அந்த வருத்தம் பொய் இல்லை. ஆனால் ஒரு நடிகருக்காகப் போட்ட பூட்டு அவரோடு போகவில்லை. அவருக்குப் பிறகு வந்த, அவரை எந்த வகையிலும் பின்பற்றாத நாடகக் குழுக்கள் எல்லாம் அந்தப் பூட்டைச் சுமக்க வேண்டியதாயிற்று. சபா நாடகம் போடுகிறவர், தெரு நாடகம் போடுகிறவர், கல்லூரிப் பசங்க என்று யாராக இருந்தாலும் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸிடம் அனுமதிக்கு நிற்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கடைசியில் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி போட்ட வழக்கில், 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று ரத்து செய்தது. அதற்குள் ராதா இறந்து 33 வருஷம் ஓடிவிட்டது.

ரத்தக்கண்ணீர்: ஒரு கோபக்காரப் படம்

சட்டம் வந்த அதே 1954ல்தான் ரத்தக்கண்ணீர் படமும் வந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதி, ராதா ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்த நாடகம் அது. பராசக்தியைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் அதைப் படமாக்கினார். பராசக்தியை இயக்கிய கிருஷ்ணன் பஞ்சுவேதான் இதற்கும் இயக்குநர்கள். இந்தப் படத்துக்காக ராதா கேட்ட சம்பளம் ஒண்ணேகால் லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. நந்தனார் படத்துக்குக் கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கியிருந்தார், அதைவிட ஒரு கால் லட்சமாவது கூட இருக்கணும் என்ற பிடிவாதமாம்.

கதை இதுதான். வெளிநாட்டில் படிச்சுவிட்டுத் திமிரோடு ஊர் திரும்பும் பணக்கார மோகனசுந்தரம். கட்டிய மனைவியை மதிப்பதில்லை. காந்தா என்ற தாசியின் வலையில் விழுகிறான். சொத்து போகிறது. அம்மா போகிறாள். உடம்பில் தொழுநோய் வருகிறது. காந்தாவும் துரத்துகிறாள். பிச்சை எடுத்துத் திரியும் நிலையில், தன்னால் வாழ்க்கை இழந்த மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்து வைக்கிறான். மனைவியாக ஸ்ரீரஞ்சனி, காந்தாவாக எம்.என்.ராஜம், பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன்.

படத்தின் முதல் பாதியில் சூட்டும் கோட்டும் போட்டுக்கொண்டு திமிராக நடக்கும் ராதாவும், இரண்டாம் பாதியில் கோல் ஊன்றி நடுங்கும் ராதாவும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். இதில் கவனிக்க வேண்டியது, நோயாளி ஆன பிறகும் அவன் பணிவானவனாக மாறிவிடுவதில்லை. நாக்கு அப்படியே இருக்கிறது. பிச்சை கேட்கும்போதும் கிண்டல். தன்னைப் பார்த்தே சிரிக்கிறான். இந்த இடத்தில் வேறு எந்த நடிகராக இருந்தாலும் அழுது புரண்டு கண்ணீர் வாங்கியிருப்பார். ராதா சிரிக்க வைக்கிறார், சிரிச்சு முடிச்ச உடனே நமக்கே ஏன் சிரிச்சோம் என்று கூச்சமாக இருக்கும். தமிழ் சினிமாவில் அப்படி ஒரு வேஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் பெரிதாக இல்லை.

விதவை மறுமணத்தையே ஏற்காத காலத்தில், கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்று காட்டியது பெரிய துணிச்சல். ஆனா இன்றைக்குப் படத்தைப் பார்க்கும்போது உறுத்தும் இடமும் உண்டு. தொழுநோயை ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனை போலக் காட்டுகிறது படம். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, தாசி வீட்டுக்குப் போனதால் வருவது இல்லை, இன்றைக்கு முழுசாகக் குணப்படுத்தக் கூடியதும்கூட. அந்த நோயாளிகள் மீது சமூகத்தில் இருந்த அருவருப்பை இந்தப் படம் குறைத்ததாகச் சொல்ல முடியாது. காந்தா பக்கத்து நியாயத்துக்கும் படத்தில் இடம் ரொம்பக் குறைவு. பகுத்தறிவு பேசிய படத்திலேயே இப்படி ஒரு ஓட்டை இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

படம் தாண்டியும் அந்தக் கதை ஓடியது. தெலுங்கு மேடையில் நாகபூஷணம் என்ற நடிகர் இதை நடத்தி, ரத்தக்கண்ணீரு என்பதே அவர் பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்டது. 2003ல் கன்னடத்தில் உபேந்திரா நடிக்க மறுபடியும் படமாக வந்தது.

எல்லா படத்திலும் ராதா

ரத்தக்கண்ணீர் ஓடிய பிறகும் ராதா உடனே சினிமாவில் உட்கார்ந்துவிடவில்லை. நாடகமே கதி என்றிருந்தார். 1950களின் கடைசியில்தான் சினிமா அவரை விடாமல் பிடித்தது. 1959ல் வந்த பாகப்பிரிவினை பெரிய வெற்றி. அங்கிருந்து அடுத்த ஏழெட்டு வருஷம், எந்தத் தியேட்டருக்குப் போனாலும் ராதா இருப்பார் என்ற நிலை.

பாவமன்னிப்பு படத்தில் அவர் ஆளவந்தார். கதாநாயகன் முகத்தில் ஆசிட் ஊற்றும் கொடியவன். ஆனா அந்த ஆளிடமும் ஒரு சின்னப் பிள்ளைத்தனமான குறும்பை ஒட்டவைத்திருப்பார். பலே பாண்டியாவில் சிவாஜிக்கு மூணு வேஷம், ராதாவுக்கு இரண்டு. சிவாஜியும் ராதாவும் சேர்ந்து பாடும் அந்தக் கச்சேரிக் காட்சியை இன்றைக்கு டிவியில் போட்டாலும் ரிமோட்டைத் தொட மாட்டார்கள். பாட்டு என்னவோ சிவாஜிக்குத்தான், கண் போவது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டி முகத்தைக் கோணிக்கொள்ளும் ராதா மேல். பார் மகளே பார், கற்பகம், பெரிய இடத்துப் பெண், புதிய பறவை, சித்தி என்று பட்டியல் நீளும்.

அப்போதைய வில்லன்கள் என்றால் மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி, அட்டகாசமாகச் சிரிக்கணும். ராதா அந்த வழியில் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருப்பார். சம்சாரத்துக்குப் பயப்படுவார், காசு விஷயத்தில் அல்பமாக இருப்பார், பெரிய மனுஷன் வேஷம் போடுவார், மாட்டிக்கொண்டால் வெட்கமே இல்லாமல் பல்டி அடிப்பார். ஜனங்களுக்கு இப்படிப்பட்ட ஆட்களை நேரிலேயே தெரியும் என்பதால்தான் தியேட்டரில் அவ்வளவு சிரிப்பு. வில்லன், காமெடியன், குணச்சித்திரம் என்ற மூன்று பெட்டிகளில் எதிலும் அவரை அடைக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

சினிமாக்காரர்கள் கொண்டாடும் ஆடம்பரத்தை அவர் பெரிதாக மதித்ததில்லை. ஆசையாக வாங்கிய இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார் என்ற கதை கோடம்பாக்கத்தில் ரொம்ப நாள் ஓடியது.

1967 ஜனவரி 12ல் என்ன நடந்தது?

சென்னை மாகாணத்தில் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளராகப் பரங்கிமலையில் நிற்கிறார். பெரியாரைப் பின்பற்றி ராதா காமராஜரின் காங்கிரஸ் பக்கம். இருவரும் சேர்ந்து நடித்த பெற்றால்தான் பிள்ளையா படம் வெளிவந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

அன்று மாலை, அந்தப் படத்தின் தயாரிப்பாளர் வாசுவுடன் ராதா ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காது அருகே பாய்ந்த குண்டு கழுத்துப் பகுதியில் சிக்கியது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயம். இரண்டு பேரும் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், அங்கிருந்து பொது மருத்துவமனைக்கும் கொண்டு போகப்பட்டார்கள். செய்தி பரவியதும் சென்னை கொந்தளித்தது. மருத்துவமனை வாசலில் ஆயிரக்கணக்கில் ஜனம்.

இவ்வளவு கிட்டத்தில் சுட்டும் இருவரும் எப்படிப் பிழைத்தார்கள்? தோட்டாக்கள் ரொம்பப் பழையவை, வருஷக்கணக்கில் கிடந்ததில் வீரியம் குறைந்துவிட்டது என்பதுதான் தடயவியல் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம்.

காரணம் என்ன என்பதில் இன்று வரை பேச்சு ஓயவில்லை. படத்துக்கான பணப் பிரச்சினை என்றார்கள். தொழிலில் ஏற்பட்ட மனக்கசப்பு என்றார்கள். அரசியல் என்றார்கள். ராதா தரப்பு நீதிமன்றத்தில், சுட்டது ராதா இல்லை என்றே வாதாடியது. எம்.ஜி.ஆரும் வாசுவும் சாட்சி சொன்னார்கள். எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டு ராதா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்ற அரசுத் தரப்பை ஏற்ற செங்கல்பட்டு நீதிமன்றம், 1967 நவம்பரில் அவருக்கு 7 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு மாறவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனதில் தண்டனைக் காலம் குறைந்தது. நாலு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 1971ல் வெளியே வந்தார்.

அந்த ஒரு மாலைப் பொழுது பலருடைய கணக்கை மாற்றியது. கழுத்தில் கட்டோடு மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் போஸ்டராக மாகாணம் முழுக்க ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். காங்கிரஸ் ஆட்சி போனது, காமராஜரே விருதுநகரில் தோற்றார். அதற்கு விலைவாசி, அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று காரணங்கள் பல இருந்தன. துப்பாக்கிச் சூட்டினால்தான் ஆட்சி மாறியது என்று சொல்வது மிகை. ஆனா அந்தப் போஸ்டருக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை அந்தத் தேர்தலைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். பிழைத்தார், அவருடைய பழைய குரல் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த படங்களில் அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம்.

ராதாவுக்குப் போனது அதைவிட அதிகம். உச்சத்தில் இருந்த நடிகர், அறுபது வயதில், கைதி ஆனார்.

சிறைக்குப் பிறகு

ராதாவின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி, எழுத்தாளர் விந்தன் அவரிடம் கேட்டு எழுதிய சிறைச்சாலைச் சிந்தனைகள் மூலமாகத்தான் கிடைத்தது. சிறையைப் பற்றி மட்டும் இல்லை, சின்ன வயது, கம்பெனி வாழ்க்கை, சக நடிகர்கள் என்று எல்லாத்தையும் ஒளிவு மறைவு இல்லாமல் கொட்டியிருப்பார். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அதில் துளியும் கிடையாது. நடிகர்களின் சுயசரிதைகளில் இது அபூர்வம்.

வெளியே வந்தவர் மறுபடியும் ரத்தக்கண்ணீரைத் தூசி தட்டி மேடை ஏற்றினார். சமையல்காரன், வண்டிக்காரன் மகன் போன்ற படங்களிலும் தலைகாட்டினார். ஆனா பழைய வேகத்தில் வாய்ப்புகள் வரவில்லை. ரசிகர்கள் சிலரால் அவரை மன்னிக்க முடியவில்லை, தயாரிப்பாளர்களுக்கு எதுக்கு வம்பு என்ற எண்ணம். மலேசியாவில் அவர் பேசிய பேச்சு மட்டும் ஒலிநாடாவாகக் கைமாறிக் கைமாறிப் போய், இன்றைக்கு யூடியூபிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நெருக்கடி நிலை வந்தபோது மிசாவில் பிடித்தவர்கள் வரிசையில் கிட்டத்தட்ட எழுபது வயது ராதாவும் இருந்தார்.

அவர் போட்ட பாதையில் பிள்ளைகள் வந்தார்கள். எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று நாலு பேரையும் தமிழ் சினிமா நன்றாக அறியும். ராதாரவியின் குரல் சில காட்சிகளில் ஏறி இறங்கும்போது அப்பாவின் நிழல் தெரியும்.

கடைசிக் காலத்தில் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருந்தார். மஞ்சள் காமாலை பிடித்து, 1979 செப்டம்பர் 17ம் தேதி இறந்தார். பெரியார் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த நாள் அது. அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.